சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிற வேலை: திருமலையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

திருகோணமலை நகரில் சைக்கிளில் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கலாமா என்று கேட்டால், பிழைக்கலாம். ஆனால் மோட்டார் சைக்கிள்காரரோடு போட்டி போட நினைத்தால் சரிவராது. அவர் நிலாவெளிக்குப் போய்ச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த ஓடருக்குத் திரும்பி வந்து நிற்பார். நகரத்திலிருந்து நிலாவெளி 15 கிலோமீற்றர் அளவு. சைக்கிளில் போனால் அந்த ஒரு ஓடரோடு பின்னேரம் முடிந்துவிடும், கொத்தும் ஆறிப்போய்விடும்.

சைக்கிள்காரருக்குக் காசு குறுகிய வட்டத்துக்குள்தான் இருக்கிறது. பெற்றோல் செலவு இல்லை, நிறுத்த இடம் தேடத் தேவையில்லை, ஒழுங்கைக்குள் குறுக்கே புகுந்து வெளியே வரலாம். 2022 இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், கந்தோர்க்காரர் முதல் கடைக்காரர் வரை எல்லோரும் மறுபடி சைக்கிளில் ஏறினார்கள். அதற்குப் பிறகு இந்த வேலையைக் குறைவாகப் பார்க்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள். வீட்டில் யாராவது முகம் சுளித்தால் அந்த நாட்களை ஞாபகப்படுத்துங்கள்.

முதலில் வட்டத்தைப் போடுங்கள்

கடையைத் தேடுவதற்கு முன்னால் எந்தப் பகுதிக்குள் ஓடப்போகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள். பார்சலோடு, சந்தியில் நின்று நின்று போகும்போது, சாதாரண சைக்கிள் மணிக்கு 12 முதல் 15 கிலோமீற்றர்தான் போகும். மூன்று கிலோமீற்றர் என்றால் கால் மணித்தியாலம். அதற்கு மேலே போனால் சாப்பாடும் ஆறும், நீங்களும் களைப்பீர்கள். ஆகவே கடையிலிருந்து மூன்று கிலோமீற்றரை எல்லையாக வையுங்கள்.

நகரத்தின் நடுப்பகுதி இதற்கு நல்ல இடம். ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல், இடையில் ஒடுங்கிய தரை. மத்திய வீதி, திருஞானசம்பந்தர் வீதி, ஏகாம்பரம் வீதி, டொக்யார்ட் வீதி, உட்துறைமுக வீதி, பத்திரகாளி அம்மன் கோயிலடி, பஸ் நிலையம், வைத்தியசாலை எல்லாம் கிட்டக் கிட்ட இருக்கின்றன. தரையும் பெரும்பாலும் சமம். உவர்மலைதான் விதிவிலக்கு. அங்கே ஏற்றம் இருக்கிறது, ஆனால் அரச கந்தோர்களும் விடுதிகளும் இருப்பதால் மத்தியானச் சாப்பாட்டுக்கு நல்ல ஓடர் வரும். ஏற்றத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போவதில் வெட்கம் வேண்டாம். எழும்பி நின்று மிதித்தால் பின்னால் இருக்கிற சொதி பெட்டிக்குள் நீந்தும்.

இரண்டாவது நல்ல வட்டம் வடக்கே உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம். அங்கே கடற்கரை விடுதிகள் நெருக்கமாக இருக்கின்றன. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை உல்லாசப் பயணிகள் வருகிற காலத்தில் இரவு ஓடர்கள் குறையாது. மழைக்காலத்தில் அதே இடம் வெறிச்சோடிவிடும். இரண்டு வட்டத்தையும் ஒரே நாளில் ஓட நினைக்காதீர்கள். நகரத்திலிருந்து உப்புவெளி ஐந்து கிலோமீற்றர் அளவு. போகிற ஓடருக்குக் காசு வரும், வெறும் பெட்டியோடு திரும்பி வருவதற்கு யாரும் தரமாட்டார்கள்.

அனுராதபுரச் சந்தி, பாலையூற்று, அன்புவழிபுரம் பக்கத்தில் இருப்பவர்கள் அந்தப் பக்கத்துக் கடைகளிலேயே கேட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வருகிற தூரமும் உங்கள் கால்களின் கணக்கில்தான் சேரும்.

யாரிடம் வேலை

வழி இரண்டு. ஒன்று, கடையோடு நேரடியாகப் பேசிக்கொள்வது. மற்றது, செயலி வழியாக வருகிற ஓடர்களை எடுப்பது. இலங்கையில் பிக்மீ, ஊபர் ஈட்ஸ் இரண்டும்தான் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். உங்கள் பகுதியில் சைக்கிளுக்கு இடம் திறந்திருக்கிறதா என்பதைச் செயலியிலேயே பதிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதற்காக யாரிடமும் காசு கட்ட வேண்டாம். "நான் உள்ளே போட்டுத் தாறன்" என்று சொல்லி இடையில் வருகிறவரை நம்ப வேண்டாம்.

என் அபிப்பிராயத்தில் புதியவர்களுக்குக் கடைதான் நல்லது. திருமலையில் இன்னமும் நிறையப் பேர் கடைக்குப் போன் எடுத்து, அல்லது வாட்ஸப்பில் எழுதித்தான் சாப்பாடு சொல்கிறார்கள். ஒரு கடையோடு இருந்தால் அதன் வாடிக்கை வீடுகள் கொஞ்ச நாளில் மனப்பாடமாகும். செயலியில் ஒவ்வொரு முறையும் புது முகம், புதுப் படலை.

கடைக்காரரிடம் போகும்போது அடையாள அட்டையின் பிரதியும், தேவைப்பட்டால் கிராம சேவகரின் சான்றிதழும் கையில் இருக்கட்டும். சம்பளத்தைப் பேசுவதற்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள்:

- காசு ஓடருக்கா, நாளுக்கா, மாதத்துக்கா? தூரத்துக்கு ஏற்ப மாறுமா?
- வீட்டுக்காரர் போன் எடுக்காவிட்டால், அல்லது வேண்டாம் என்றால், அந்தச் சாப்பாட்டின் காசு யாருடையது?
- கொட்டிப்போனால் யார் பொறுப்பு?
- மழை அடித்தால் ஓடர் நிறுத்தப்படுமா?
- வேலை நேரத்தில் ஒரு நேரச் சாப்பாடு உண்டா?

இரண்டாவது கேள்வியில் கடைக்காரர் மழுப்பினால் கவனம். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் குசினி பிந்தினாலும் காசை வெட்டுவது சாப்பாடு கொண்டுபோகிறவரின் கணக்கில்தான். அதற்கு மருந்து சின்ன விஷயம்தான்: கடைக்குள் வந்த நேரத்தையும் பார்சல் கைக்கு வந்த நேரத்தையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள். சண்டை பிடிக்கத் தேவையில்லை, கடதாசியைக் காட்டினால் போதும்.

மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தால் ஊழியர் சேமலாப நிதியைப் பற்றியும் கேட்கலாம். சட்டப்படி முதலாளி 12 சதவீதம், உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதம் கட்ட வேண்டும். முதல் நாளே கேட்டால் சின்னக் கடைகளில் முகம் மாறும். ஒரு மாதம் ஒழுங்காக ஓடிக் காட்டிவிட்டுக் கேளுங்கள், ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

சைக்கிள்

புதுச் சைக்கிள் வாங்கக் கடன் படவேண்டாம். வீட்டில் பழைய லுமாலா சைக்கிள் நிற்குமானால் அதுவே போதும். கியர் சைக்கிள் பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் உப்புக்காற்றில் கியர் கம்பி கெதியாய்த் துருப்பிடிக்கும், பெரும்பாலானவற்றில் கரியரும் இராது. எங்களுக்குத் தேவை தடித்த கம்பியில் செய்த கரியர், இறுகப் பிடிக்கிற பிறேக், நிமிர்ந்து இருந்து ஓட்டக்கூடிய ஹாண்டில், இரட்டைக் கால் ஸ்ராண்ட். ஒற்றைக் கால் ஸ்ராண்டில் பார்சலோடு நிறுத்தினால் காற்றுக்குச் சரியும், சாப்பாடு நிலத்தில்தான்.

கடலோரத்தில் சைக்கிளுக்கு எதிரி உப்பு. வாரத்தில் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்குத் தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது மணலைப் பிடித்துக் களிபோல ஒட்டிக்கொள்ளும். கடற்கரை ஒழுங்கைகளில் நெருஞ்சி முள் உண்டு. ஒட்டுப் போடுகிற சாமான்கள், சொலூசன், வால்கட்டை, சின்னப் பம், ஒரு ஸ்பானர், இவ்வளவும் சீற்றுக்குக் கீழே ஒரு பையில் எப்போதும் இருக்க வேண்டும். ஒட்டுப் போடத் தெரியாவிட்டால் வேலைக்குப் போவதற்கு முன்னால் பக்கத்துச் சைக்கிள் கடையில் நின்று பழகுங்கள். மத்தியான நேரத்தில் காற்றுப் போனால் சைக்கிள் கடைக்காரரும் சாப்பிடப் போயிருப்பார்.

இரவில் முன்னுக்கு வெள்ளை லைட், பின்னுக்குச் சிவப்பு. இது பொலிஸுக்காக மட்டுமல்ல, பஸ்காரருக்காகவும். நல்ல பூட்டு ஒன்று வாங்குங்கள், ஃபிரேம் நம்பரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். களவு போனால் முறைப்பாட்டுக்கு அது தேவைப்படும்.

பெட்டியும் பார்சலும்

இந்த வேலையில் நல்ல பெயரும் கெட்ட பெயரும் இங்கேதான் வருகின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெப்பம் தாங்குகிற பை வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் ரெஜிபோம் பெட்டி போதும், ஆனால் மீன்வாடியில் கிடக்கிற பழைய பெட்டி வேண்டவே வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் அந்த மணம் போகாது. சைவக் கடை இட்லிக்குச் சூடைமீன் வாசம் அடித்தால் அதோடு அந்த வீடு முடிந்தது. புதுப் பெட்டியை வாங்கி, உள்ளே சுத்தமான துணி விரித்து, கரியரில் பழைய ரியூப்பை நீளமாக வெட்டிய பட்டியால் குறுக்கும் நெடுக்கும் கட்டுங்கள். கயிறு தளரும், ரியூப் பட்டி தளராது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மூடியைத் திறந்து காயவிட வேண்டும்.

பாரம் பத்துக் கிலோவுக்கு மேலே போகவேண்டாம். பாரமானது அடியில், நடுவில். சோத்துப் பார்சல் தட்டையாக அடியில் இருக்கட்டும், அதன் மேலே இன்னொன்று வைக்கலாம். கொத்தும் அப்படித்தான். அப்பத்துக்கு மேலே எதையும் வைக்காதீர்கள், முட்டை அப்பம் என்றால் நடு மஞ்சள் உடைந்து மற்றதில் பூசிக்கொள்ளும். ரோல்ஸ், வடை, கட்லட் மாதிரிப் பொரித்தவற்றை இறுக மூடினால் ஆவியில் நமர்த்துவிடும். கடதாசிப் பையில் போட்டு வாயைக் கொஞ்சம் திறந்து விடச் சொல்லுங்கள்.

சொதியும் குழம்பும்தான் தலையிடி. கடையில் சின்ன பொலித்தீன் பையில் ஊற்றி, காற்றோடு உப்ப முடிச்சுப் போட்டுத் தருவார்கள். அதைப் பார்சலுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தால் முதல் பள்ளத்திலேயே முடிச்சடியில் கசியும். ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்களின் அடிப்பாதியை வெட்டிக் கழுவி, இரண்டு மூன்றைப் பெட்டியின் மூலையில் நிறுத்தி வையுங்கள். சொதிப் பை அதற்குள் நிமிர்ந்து நிற்கும். கசிந்தாலும் கிண்ணத்துக்குள்தான். காசு செலவில்லாத இந்த வேலையை எத்தனையோ பேர் செய்வதில்லை.

சைவமும் மச்சமும் ஒன்றாகப் போனால் தனித்தனிப் பை. ஒரே ஓட்டத்தில் இரண்டு வீடு என்றால் சைவப் பார்சல் மேலே, குழம்பு படாத இடத்தில். வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி, கேதார கௌரி விரத நாட்களில் இதை இரட்டிப்பாகக் கவனியுங்கள். முஸ்லிம் வீடுகளுக்குப் போகிற சாப்பாட்டோடு பன்றி இறைச்சிப் பார்சலை ஒரே பெட்டியில் ஏற்றவே கூடாது. அப்படி ஒரு ஓடர் வந்தால் அதைத் தனி ஓட்டமாக வையுங்கள், பிறகு பெட்டியைக் கழுவுங்கள்.

கடையை விட்டு இறங்குவதற்கு முன்னால் பில்லை வாய்விட்டு வாசித்து, காசாளருக்கு முன்னால் எண்ணிப் பாருங்கள். கட்டாசம்பல் விடுபட்டது என்று வீட்டுக்காரர் சொன்னால், திரும்பி மிதிக்கப்போவது நீங்கள்தான்.

நாள் எப்படிப் போகும்

காலையில் இடியப்பம், பிட்டு, தோசை. ஆறரையிலிருந்து எட்டரை வரை. வைத்தியசாலைப் பக்கம் இந்த நேரத்தில் நல்ல ஓட்டம். நோயாளியோடு நிற்கிறவர்களும், இரவு வேலை முடித்தவர்களும் சொல்லுவார்கள். வார்டுக்குள் போக விடமாட்டார்கள். வாசலுக்கு வரச் சொல்லிப் புறப்படும்போதே போன் எடுங்கள், போய் நின்றபிறகு எடுத்தால் அவர் மாடியிலிருந்து இறங்கி வர நேரம் போகும்.

மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் உச்சம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒன்றரைக்குப் பள்ளிக்கூடங்கள் விடும். கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, சண்முகா, புனித மரியாள், புனித சூசையப்பர் என்று நகரத்துக்குள் எல்லாம் கிட்டக் கிட்ட. பள்ளி வாசல்களில் வானும் ஓட்டோவும் தாய்மாரும் நிறைந்து, சைக்கிளுக்கும் வழி இராது. ஒன்றே காலுக்குப் பிறகு அந்த வீதிகளுக்குப் போகிற ஓடரை முன்னுக்கே கொண்டுபோய் முடியுங்கள், அல்லது பின் ஒழுங்கையால் சுற்றுங்கள். சுற்றுவது தூரமாகத் தெரியும், ஆனால் கெதியாகப் போய்ச் சேரலாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா நேரத்தில் முஸ்லிம் கடைகள் மூடியிருக்கும். அந்த நேரத்தில் சைவக் கடைகளுக்கு ஓடர் குவியும். இரண்டு கடையோடு பழக்கம் வைத்திருப்பவருக்கு அது நல்ல நாள். நோன்பு மாதத்தில் ஜமாலியா மாதிரி இடங்களில் பகல் வெறுமையாக இருக்கும், நோன்பு திறந்தபிறகு நள்ளிரவு தாண்டியும் ஓட்டம் உண்டு. பௌர்ணமிப் போயா தினத்தில் இறைச்சிக் கடைகள் பூட்டு, கடைகளில் இருக்கிற சாப்பாடும் மாறும். புறப்படுவதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று கேட்டு வைத்தால் வாடிக்கையாளருக்கு நீங்களே சொல்லலாம்.

பின்னேரம் மூன்றிலிருந்து ஐந்தரை வரை ஓய்வு. வீட்டுக்குப் போய்ப் படுங்கள். கடைவாசலில் போனை நோண்டிக்கொண்டிருந்தால் இரவுக்குக் கால் வராது. ஏழிலிருந்து பத்து வரை கொத்து, பராட்டா, ஃபிரைட் ரைஸ். நாள் வருமானத்தில் பாதி இந்த மூன்று மணித்தியாலத்தில்தான்.

வீட்டைக் கண்டுபிடிப்பது

வரைபடத்தில் வருகிற புள்ளியை நம்பிப் போனால் பல நேரம் பக்கத்து ஒழுங்கைக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். ஒரே வளவுக்குள் மூன்று வீடு, இலக்கத்தில் ஒரு கோடு போட்டு இன்னொரு இலக்கம், படலையில் ஒன்றுமே எழுதாத வீடு, எல்லாம் இங்கே சாதாரணம். ஓடர் கைக்கு வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி இலக்கம் அல்ல. "எந்தக் கோயிலடி அக்கா? எந்தப் பக்க ஒழுங்கை? கேற் என்ன நிறம்?" இந்த மூன்றையும் கேட்டால் ஐந்து நிமிடம் மிச்சம். உப்புவெளிப் பக்கம், அனுராதபுரச் சந்திப் பக்கம் எல்லாம் கட்டைக் கணக்கு, அதாவது மைல்கல் கணக்கு: மூன்றாம் கட்டை, நாலாம் கட்டை என்பார்கள். எந்த வீதியின் கட்டை என்று கேட்டுத் தெளிவாக்குங்கள். கண்டி வீதிக்கும் நிலாவெளி வீதிக்கும் தனித்தனிக் கட்டை உண்டு.

ஒரு முறை போன வீட்டை மறுமுறை தேடக்கூடாது. இலக்கத்தைப் போனில் பதியும்போது பெயரை மட்டும் போடாமல் "நீலக் கேற், நாய், வேம்படி" என்று எழுதி வையுங்கள். இந்தப் பட்டியல் வளர வளர நீங்கள் கடைக்கு வேண்டப்பட்டவர் ஆவீர்கள். மோட்டார் சைக்கிளில் வருகிற புதுப் பையன் வீதியில் நின்று நாலு பேரிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருப்பீர்கள்.

முறைசொல்லிக் கூப்பிடுவது எங்கேயும் உதவும். அண்ணை, அக்கா, ஐயா, அம்மா. முஸ்லிம் வீட்டில் நானா, ராத்தா. சிங்கள வீட்டில் ஐயே, அக்கே. இந்த ஊரில் மூன்று பகுதி மக்களும் இருக்கிறார்கள். ஆகவே கொஞ்சம் சிங்களம் தெரியாமல் முடியாது. "கேட் எக்க லங்க இன்னவா" என்றால் கேற்றடியில் நிற்கிறேன், "இதுறு சல்லி" என்றால் மீதிக் காசு, வம இடது, தக்குண வலது. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும், மற்றது தானாக வரும்.

படலைக்கு உள்ளே போகாதீர்கள், மணியடித்துவிட்டு வெளியே நில்லுங்கள். காசு வாங்க வேண்டிய ஓடரைச் சின்னப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வராதீர்கள். டொக்யார்டில் கடற்படைக் காவலரணைத் தாண்ட முடியாது, வாசலில்தான் கொடுக்கல் வாங்கல். பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, அதே வழியால்தான் கோணேசர் கோயிலுக்கும் போக வேண்டும். அந்தப் பக்கம் மச்சச் சாப்பாட்டைக் கொண்டு ஏறாமல் முற்றவெளிப் பக்கம் வந்து வாங்கச் சொல்லுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள்.

உப்புவெளியில் வெளிநாட்டவர் சிலர் கடற்கரை மணலில் இருந்துகொண்டு புள்ளி அனுப்புவார்கள். மணலில் சைக்கிள் ஓடாது. விடுதியின் பெயரையும் அறை இலக்கத்தையும் வாங்கி, வரவேற்பு மேசையில் கொடுங்கள்.

காசு

நூறு, ஐம்பது, இருபது ரூபாய்த் தாள்கள் கொஞ்சம் கையில் இல்லாமல் புறப்பட வேண்டாம். ஐயாயிரம் ரூபாய்த் தாள்தான் பெரிய தொல்லை. இரவு ஒன்பது மணிக்கு அறுநூறு ரூபாய்க் கொத்துக்கு ஐயாயிரத்தை நீட்டினால், மாற்றப் பக்கத்துக் கடையும் இராது. போன் எடுக்கும்போதே "மாத்தின காசு இருக்கா அண்ணை?" என்று கேட்டுவிடுங்கள்.

வங்கி வழியாக அனுப்பிவிட்டேன் என்று போன் திரையை எடுத்த படத்தைக் காட்டினால் அதை நம்பிப் போகாதீர்கள். கடைக்குப் போன் எடுத்து, கணக்கில் விழுந்ததா என்று கேட்டபிறகு பார்சலைக் கொடுங்கள். போலியாகச் செய்த படங்கள் நிறைய. உங்கள் போனுக்கு வருகிற ஓரிபி (OTP) இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம், கடை முதலாளி என்று சொல்லி எடுத்தாலும்.

கடைக் காசு ஒரு பொக்கற்றில், உங்கள் காசு இன்னொன்றில். ஒவ்வொரு நாளும் இரவே கணக்கு முடித்துவிட்டுப் போங்கள். நாளைக்கு என்று விட்டால் இருவருக்கும் ஞாபகம் வேறு வேறாக இருக்கும்.

காற்று, வெயில், மழை

வைகாசி தொடங்கினால் கச்சான் காற்று. மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து, வெக்கையாக, புழுதியை அள்ளிக்கொண்டு அடிக்கும். உப்புவெளிப் பக்கம் வடக்கே போகும்போது அது பக்கமும் பின்னுமாக நின்று தள்ளிவிடும், நல்லாயிருக்கும். திரும்பி வரும்போதுதான் கணக்குத் தீர்க்கும். ஆகவே போன வேகத்தை வைத்து அடுத்த ஓடருக்கு நேரம் சொல்லாதீர்கள். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்று வடகிழக்கால் வரும். அப்போது போகிறபோது கடினம், வருகிறபோது சுகம். உயரமான பெட்டி காற்றில் பாய்மரம் மாதிரி இழுக்கும், காற்றுக் காலத்தில் பதிந்த பெட்டியே நல்லது.

வெயிலில் தொப்பி, முழுக்கைச் சட்டை, தண்ணீர்ப் போத்தல். தாகம் வரும்வரை காத்திருக்காமல் ஓடருக்கு ஓடர் இரண்டு மிடறு குடியுங்கள். சோடா வேண்டாம். மோர், இளநீர், இல்லாவிட்டால் பாமசியில் கிடைக்கிற ஜீவனி. தலைச்சுற்று, வியர்வை நின்றுபோதல், வாந்தி வருகிற மாதிரி இருந்தால் நிழலில் இருந்துவிடுங்கள். ஓடர் யாராவது கொண்டுபோகட்டும்.

மழை ஐப்பசியிலிருந்து தை வரை, கார்த்திகை மார்கழியில் அடை மழை. மேலங்கியும் காற்சட்டையுமாக இருக்கிற ரெயின்கோட் வாங்குங்கள். போர்வை மாதிரி விரிகிறது செயினில் மாட்டும். பெட்டிக்குத் தனி உறை, போனுக்கு ஒரு பொலித்தீன் பை. வெள்ளம் நிற்கிற வீதியில் தண்ணீருக்குக் கீழே மூடி இல்லாத கான் இருக்கலாம், இறங்கி உருட்டுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இடிமின்னல் வரும். கடற்கரை வீதியில் திறந்த வெளியில் அந்த நேரத்தில் இருக்கக்கூடாது. ஏதாவது கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள், மரத்தடியில் அல்ல.

வீதியில்

இந்த ஊரில் மான்களுக்கும் வழி விடவேண்டும். கோட்டையடியிலும் முற்றவெளியிலும் புள்ளிமான்கள் கூட்டமாக நிற்கும், நகர வீதிகளிலும் இறங்கித் திரியும். மணியடித்தால் விலகும் என்று நினைக்காதீர்கள், ஒன்று பாய்ந்தால் பின்னால் நிற்கிறதும் பாயும். மெதுவாகப் போங்கள். வாசலில் பார்சலை ஹாண்டிலில் தொங்கவிட்டு உள்ளே கூப்பிடப் போனால், திரும்பி வரும்போது மானோ மாடோ பையைக் கிழித்துச் சோற்றில் வாய் வைத்திருக்கும். பொலித்தீனையும் சேர்த்து விழுங்குவது அதற்கும் கேடு.

நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காமல் இறங்கி, சைக்கிளை இடையில் வைத்து நில்லுங்கள். கடித்தால், கீறினாலும்கூட, சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவிவிட்டு அரச வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய்க் கடி ஊசி அங்கே இலவசம். அன்றைக்கே போக வேண்டும்.

இடப்பக்கம் ஓரமாக ஓட்டுங்கள், ஆனால் நிறுத்தியிருக்கிற ஓட்டோவை ஒட்டி அல்ல. கதவில்லாத வாகனம் என்றாலும் ஆள் சட்டென்று இறங்குவார். நகரத்திலிருந்து வெளியே போகிற பெரிய வீதிகளில் தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்தும், அந்த இடத்தில் மண் ஓரத்துக்கு இறங்குவதுதான் புத்தி. இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம். விழுந்து அடிபட்டால் 1990 க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். பொலிஸுக்கு 119.

கணக்கு

ஒரு கொப்பி வாங்கி நான்கு நிரல் போடுங்கள்: எந்தக் கடை, எந்த இடம், கிடைத்த காசு, போய்வரப் பிடித்த நேரம். இரண்டு வாரம் எழுதினாலே ஓடரில் எது நட்டம் என்று தெரிந்துவிடும். பெரிய தொகை தருகிற தூர ஓடர் மணித்தியாலக் கணக்கில் பார்த்தால் பல நேரம் கிட்ட இருக்கிற இரண்டு சின்ன ஓடரைவிடக் குறைவாகத்தான் தரும். செலவுப் பக்கத்தில் ரயர், ரியூப், பிறேக் கட்டை, போன் டேட்டா, சைக்கிள் கடைக் கூலி எல்லாவற்றையும் எழுதுங்கள். பெற்றோல் இல்லை என்பதால் செலவே இல்லை என்று நினைக்கிறவர்கள்தான் ஆறு மாதத்தில் பின் ரயர் வெடித்து, மாற்றக் காசில்லாமல் நிற்கிறார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு சின்னத் தொகையை உண்டியலில் போட்டு வையுங்கள்.

அந்தக் கொப்பியைப் பார்த்து, உங்கள் வட்டத்துக்குள் நாளுக்கு எத்தனை ஓடர் வருகிறது என்பது தெளிவானபிறகு, இரண்டாவது கடையோடு பேசுங்கள். காலையில் ஓட்டம் உள்ள கடை ஒன்று, இரவில் ஓட்டம் உள்ள கடை ஒன்று என்று வைத்தால் நேரம் மோதாது. இரண்டு முதலாளிக்கும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திருமலை சின்ன ஊர், சொல்லாவிட்டாலும் பின்னேரத்துக்குள் தெரிந்துவிடும்.